எடைமிஷின் அக்காவுக்கு வந்த பரிசுகள்

நீலகிரியில் எவரை வேண்டுமானாலும் மனம் நோகடித்துவிடலாம், ஊட்டி காந்தல் எடைமிஷின் அக்காவை மட்டும் முடியாது. ஒருவர் முயன்று பார்த்தார். அதுவும் பல வருடங்கள், கைக்காசைச் செலவழித்து. அவர் அக்காவின் நாத்தனார். மேட்டுப்பாளையத்திலிருந்து வருவதால் எங்கள் தெருவில் அவருக்கு மேட்டுப்பாளையத்தம்மா என்றே பெயர்.

ஊட்டியில் வேலை பார்த்த காலத்தில் நான் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தேன். பலகைத் தரை. கீழே பேசுவதெல்லாம் மேலே கேட்கும். கேட்காமல் போனதை அக்காவே படியேறி வந்து சொல்லிவிடுவார்.

தான் பார்த்து வைத்த பெண்ணைத் தம்பி கட்டிக்கொள்ளவில்லை என்பது மேட்டுப்பாளையத்தம்மாவின் தீராத குறை. அதை வாயால் சொல்லமாட்டார். வருடா வருடம் தம்பியின் கல்யாண நாளன்று மலையேறி வந்து, பரிசாகக் கொடுத்துவிட்டுப் போவார். அந்தத் தம்பி வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியர். வேலையில் எதற்கும் அசராத மனிதர், தமக்கை பஸ் ஏறிவிட்டார் என்று போன் வந்தால் மட்டும் டீயைச் சட்டையில் கொட்டிக்கொள்வார்.

நான் குடிவந்த வருடம் வந்ததுதான் எடைமிஷின். விருந்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் பார்க்க, “ஊட்டுக் கண்ணாடி உண்மைய சொல்றதில்லயாட்ட இருக்குது, அதான் வாங்கிட்டு வந்தேன்” என்று நீட்டினார். அக்கா நல்ல வாட்டசாட்டம். எங்களுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அக்காவோ மிஷினை அங்கேயே தரையில் வைத்து, ஏறி நின்று, எண்ணைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அடுத்துக் கணவரை ஏற்றினார், என்னை ஏற்றினார், பக்கத்து வீட்டாரை ஏற்றினார். கடைசியில் மேட்டுப்பாளையத்தம்மாவையும் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். முள் அக்காவின் எண்ணைத் தாண்டிப் போய் நின்றது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் தெருவே அந்த வீட்டில் எடை பார்க்கத் தொடங்கியது. டீயும், தொட்டுக்கொள்ள வர்க்கி பிஸ்கட்டும் உண்டு. இளைத்துப்போனவருக்குக் கூடுதலாக ஒரு வர்க்கி என்பது அக்கா போட்ட சட்டம். பெயரும் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

அடுத்த வருடம் தலைமுடிச் சாயம் வந்தது. அக்கா அதைக் கணவரின் மீசைக்குப் பூசி, மாப்பிள்ளைக் கோலத்தில் அவரை மார்க்கெட் முழுக்கச் சுற்றிக் காட்டினார். இன்னொரு வருடம், முதன்முதலாக அடுப்படிக்குள் நுழைகிறவர்களுக்கான சமையல் புத்தகம். தோளுக்கு மேல் வளர்ந்த மகன் இருக்கிற வீட்டுக்கு! மேகம் விலகி வெயில் வாசற்படிக்கு வரும் நேரத்தில், பச்சைக் கேரட்டைக் கடித்தபடி அக்கா அதை எங்களுக்கு உரக்கப் படிப்பார். ‘முதலில் தண்ணீரைக் கொதிக்க வைக்கவும்’ என்ற வரி வந்ததும் கணவரைப் பார்த்து, “ஏனுங்க, இத்தன நாளா நான் பண்ணுனது சரிதானுங்க” என்பார்.

ஒருமுறை, அக்காவே முன்பு நாத்தனாருக்கு எடுத்துக்கொடுத்த சேலை, அதே பெட்டியில் அப்படியே திரும்பி வந்தது. இதற்காவது அழுவார் என்று பயந்தேன். அக்கா ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டு வந்தார். ஆசைப்பட்டு எடுத்ததாம், கொடுக்க மனசே இல்லாமல் கொடுத்ததாம். எந்தப் பரிசு வந்தாலும் அந்த நிமிடமே அதை உபயோகித்துவிடுவது அக்காவின் வழக்கம்.

பிறகு கணவர் ஓய்வு பெற்றார். அந்த விருந்துக்குக் கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகன் வந்து, வெல்வெட் பெட்டி ஒன்றை அம்மாவின் கையில் வைத்தான். உள்ளே புது அடுக்குமாடி வீட்டின் சாவி. குளிர் இல்லை, லிப்ட் இருக்கிறது, அடுத்த மாதமே கிளம்பிவிடலாம் என்றான். தங்கமான பையன். எல்லோரும் கைதட்டினோம். அக்கா, “நல்லாருக்குது கண்ணு” என்று சொல்லி, பெட்டியை மூடி பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் பாயசம் பரிமாறப் போனார்.

சாப்பாடு முடியும்வரை பெட்டி அங்கேயே இருந்தது. கவனித்தவர் ஒருவர்தான். மேட்டுப்பாளையத்தம்மா இலையை மடித்துவிட்டுத் தம்பி மகனைக் கூப்பிட்டார்.

“உங்கம்மாளுக்கு இது புடிக்கல கண்ணு.”

அம்மாவே நல்லாருக்குது என்று சொன்னார்களே என்றான் அவன்.

“அவ மனசு நோகணும்னு வருசா வருசம் கடை கடையா ஏறி எறங்குனவ நானு. ஒரு தடவ நொந்தாளா? இன்னிக்கு நொந்துட்டா. எனக்குத் தெரியாம வேற யாருக்குடா தெரியும்?”

அக்கா பாயச வாளியைக் கீழே வைத்தார்.

“கோவிச்சுக்காத சாமி. அந்த ஊட்ல நீ இரு, நான் வந்து வந்து போறேன். ஞாயித்துக்கெழம தெருவே இங்க வருது. நான் போயிட்டா அதுக எல்லாம் எங்க போகும்?”

மகன் சரியென்று தலையை ஆட்டினான். அக்கா பிரிட்ஜ் மேலிருந்த பெட்டியைத் திறந்து, சாவியை எடுத்து அவனிடம் கொடுத்தார். கையோடு தன் கம்மலைக் கழற்றிக் காலிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்த்தார். அப்போதுதான் மேட்டுப்பாளையத்தம்மா இன்னொரு இலை கேட்டார்.

மறு வருடக் கல்யாண நாளுக்கு அவர் கொண்டுவந்தது அருமையான கம்பளி. குத்தலாக ஒரு வார்த்தை இல்லை. அக்கா பதறிப்போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “அண்ணி, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?” மேட்டுப்பாளையத்தம்மா முறைத்துக்கொண்டே பையிலிருந்து முகச்சுருக்கம் போக்கும் களிம்பை எடுத்துக் கொடுத்த பிறகுதான் அக்காவுக்கு உயிர் வந்தது. உடனே அதை இருவர் காலிலும் இருந்த பனிவெடிப்புக்குத் தடவிவிட்டார்.

நான் மாற்றலாகி மலையை விட்டுக் கீழே வந்துவிட்டேன். போன ஞாயிறு காந்தலுக்குப் போனபோது, உட்காரக்கூட விடாமல் அக்கா என்னை மிஷினில் ஏற்றினார். “எளச்சுட்டீங்க தம்பி” என்று வருத்தப்பட்டு, தட்டில் கூடுதலாக ஒரு வர்க்கியை வைத்தார். எதிரே மேட்டுப்பாளையத்தம்மாவும் இளைத்துப்போனவராகக் கூடுதல் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். அந்த முள் பழுதாகி வெகு காலமாகிறது. யார் ஏறினாலும் குறைத்துத்தான் காட்டும். எங்கள் தெருவில் அது எல்லோருக்கும் தெரியும், அதைச் சரிசெய்ய வேண்டும் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.