கோப்பையில் வளர்ந்த வல்லாரை

ஓட்டை வாளியைக் கண்டால் சிலருக்கு அடைக்கத் தோன்றும், சிலருக்கு எறியத் தோன்றும். எனக்கு அதில் ஏதாவது நடத் தோன்றும்.

தமிழ்நாட்டு முகாமிலிருந்து மன்னாருக்குத் திரும்பி, அரைகுறையாய் எழும்பிய வீட்டில் நாங்கள் குடியேறியிருந்த காலம். வளவு முழுக்கக் கடல் மணல். ஊற்றும் தண்ணீர் வேரைத் தொடாமல் நேரே பாதாளத்துக்குப் போய்விடும். அப்போதுதான் ஒரு நிறுவனம் வீட்டுத்தோட்டப் பயிற்சி நடத்தியது. பழைய சாமான்களையே பூச்சாடியாக்கலாம் என்று ஓர் அக்கா சொல்லித்தர, நான் ஞானம் பெற்று வீட்டுக்கு வந்தேன். (ஞானம் பெற்றவர்கள் வீட்டை விட்டுப் போவார்கள். நான் திரும்பி வந்ததுதான் பிழை.)

அப்பா காலில் போட்டுத் தேய்ந்த சப்பாத்தில் பச்சை மிளகாய். உடைந்த ரீவிப் பெட்டிக்குள் தக்காளி. முகாமிலிருந்து உடுப்பு அடைத்துவந்த சூட்கேஸுக்குள் கத்தரி. அம்மா கறிச்சட்டியைக் கீழே இறக்கவே பயந்தார்.

என் தலைசிறந்த படைப்பு கிணற்றடியில் இருந்தது. வீட்டுத்திட்டத்தோடு வந்த கக்கூஸ் கோப்பையின் விளிம்பு உடைந்திருந்ததால், மேசன் அதை மூலையில் போட்டுவிட்டு வேறொன்றைப் பதித்திருந்தார். ஒருவரும் ஒருநாளும் குந்தாத, வெள்ளைவெளேரென்ற புதுக் கோப்பை. அடி வளைவில் தண்ணீர் தேங்கியே நிற்கும். ஈரம் கேட்கும் வல்லாரைக்கு இதைவிட அரண்மனை உண்டா? அது மதர்த்து வளர்ந்தது. அம்மா மட்டும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார். "இலையைப் புடுங்கிக்கொண்டு வா. எங்க புடுங்கினனி எண்டு மட்டும் சொல்லாத" என்பார்.

அந்த நேரம்தான் தங்கச்சி றெஜினாவுக்கு அரிப்பு என்ற ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அன்ரன் படகு எஞ்சின் திருத்துபவர். றெஜினாவுக்குப் படத்தில் பார்த்தே பிடித்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு அவர் தாய் தகப்பனுடன் வந்தார். சாப்பிட்டு எழும்பினால் நாள் குறிப்பதுதான் மிச்சம்.

நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், கூடவே வல்லாரைச் சம்பல். பச்சையாய் அரிந்து, தேங்காய்ப்பூவோடு பிசைந்தது. (அவித்திருந்தாலாவது ஏதும் சொல்லித் தப்பியிருக்கலாம்.)

மாப்பிள்ளையின் தாய் சம்பலை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். "என்ன ருசி! இந்த மணலில வல்லாரை எப்பிடி வருது?"

அம்மா வாய் திறக்குமுன் நான் திறந்துவிட்டேன். "நான்தான் வளர்க்கிறன், மாமி. கோப்பையில."

எங்கள் ஊரில் சோறு போட்டுச் சாப்பிடுவதும் கோப்பையில்தான். "சோத்துக் கோப்பையிலயோ?" என்று அவர் வியந்தார்.

"இல்லை மாமி, இது கொஞ்சம் பெரிசு."

கறி பரிமாறிக்கொண்டிருந்த றெஜினா என் காலை மிதித்தாள். பாவம், பதற்றத்தில் தடுமாறுகிறாள் என்று நினைத்தேன்.

"மாமி ஆறுதலாச் சாப்பிடட்டும் மோனே" என்றார் அம்மா, அழாக்குறையாக.

"இல்லையில்லை, நானும் வைக்கவேணும். காட்டுங்கோ தம்பி" என்று மாமி எழும்பிவிட்டார்.

கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். வல்லாரை தழைத்துக் கோப்பையை முழுதாய் மூடியிருந்ததால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். தண்ணீர் தேங்கும் நுட்பத்தை விளக்காவிட்டால் பயிற்சி தந்த அக்காவுக்குத் துரோகம் என்று பட்டது. இலைகளை இரண்டு கையாலும் விலக்கினேன். பாதம் வைக்கும் இரண்டு மேடைகளும் பளிச்சென்று வெளியே வந்தன.

"சேசுவே!"

"புதுசு மாமி! சத்தியமா ஒருத்தரும் இருக்கேல்லை!"

நான் கத்தியது வீட்டுக்குள்ளும் கேட்டது. மாமி வாளியோடு அள்ளி வாய் கொப்பளித்தார். (எங்கள் கிணறு உப்பு வேறு.) அவருடைய கணவர் கழுவாத கையோடு ஓடிவந்து, "வெளிக்கிடுங்கோ, போவம்" என்றார். அம்மா சுவரில் சாய்ந்துவிட்டார். றெஜினாவின் கண் நிறைந்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான், என் வாழ்நாளில் முதல்தடவையாக, எல்லாவற்றிலும் செடி நட வேண்டியதில்லை என்று எனக்கு உறைத்தது.

அன்ரன் சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் ஏந்தியபடி, சப்பிக்கொண்டே வந்தார். வல்லாரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் தாயின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்கள் மண்ணெண்ணெய்க் கானில கறிவேப்பிலை வைச்சிருக்கிறியள். அதிலயாவது மண்ணெண்ணெய் இருந்தது. இதில ஒண்டுமே இருக்கேல்லை எண்டுதானே இவர் சத்தியம் பண்ணுறார்?"

பிறகு றெஜினாவிடம் கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் சம்பல் போடுங்கோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சிரித்துவிட்டாள். அதைப் பார்த்து மாமியும் சிரிக்க, வாயிலிருந்த தண்ணீர் முழுக்க என் சேர்ட்டில்.

கலியாணம் நடந்தது. மாமி போட்டது ஒரே நிபந்தனை: சமையல் கொட்டில் பக்கம் நான் தலைகாட்டக் கூடாது. மூடி திறக்காத சோடாப் போத்தல் பரிமாற மட்டும் எனக்கு அனுமதி கிடைத்தது.

றெஜினாவின் மகள் இன்றைக்கும் என்னைக் 'கோப்பை மாமா' என்றுதான் கூப்பிடுவாள். போன திருநாளுக்கு அரிப்புக்குப் போனபோது, கோயிலடியில் அவள் அப்படிக் கூப்பிட்டது புதிதாய் வந்த பாதரின் காதில் விழுந்துவிட்டது. என் தோளில் தட்டினார்.

"ஓ, கோப்பை வெண்ட ஆளோ? என்ன விளையாட்டில?"

நான் அடக்கமாகச் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். மருமகள் முந்திக்கொண்டாள்.

"விளையாட்டில இல்லை, பாதர். கக்கூஸில."