மாப்பிள்ளை ஊர்வலமும் கணகணாவின் காத்தாடியும்

காரைக்காலில் வெயிலுக்கு அஞ்சியவர்கள் உண்டு. கடலுக்கு அஞ்சியவர்களும் உண்டு. ஒரு காரின் உடம்புச் சூட்டுக்கு அஞ்சியே வாழ்நாளைக் கழித்தவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார்.

அவரது இயற்பெயரைத் தெருவில் எவரும் பயன்படுத்தியதில்லை. பழைய அம்பாசிடர் ஒன்று வைத்திருந்தார். வண்டியை நிறுத்தியதும் இறங்கிவந்து, குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோலப் புறங்கையை பானெட்டின்மேல் வைத்து, "லேசா கணகணன்னு இருக்கே" என்பார். ஆகவே அவர் கணகணா. வேலை பார்த்ததோ, மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஆலையில். பனிக்கட்டிகளுக்கு நடுவே மப்ளர் சுற்றி நின்றுகொண்டு, வெளியே வேப்பமர நிழலில் நிற்கும் காருக்குப் புழுங்குமோ என்று கவலைப்படுவார்.

திருநள்ளாற்றுக்கு அவருடன் போவது ஒரு தனி அனுபவம். மரம் கண்ட இடமெல்லாம் வண்டி இளைப்பாறும். எங்களுக்குப் பின்னால் பேருந்தில் கிளம்பியவர்கள் சனீஸ்வரரைத் தரிசித்து, திரும்பும் பேருந்தின் ஜன்னல் வழியே எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போவார்கள்.

காருக்கு நோய் இருந்தது உண்மை. ரேடியேட்டரை ஆற்றக் கம்பெனி வைத்த காத்தாடி இன்ஜினோடு பெல்ட்டில் பூட்டப்பட்டது. இன்ஜின் வேகமெடுத்தால் அதுவும் சுழலும். வண்டி ஊர்ந்தால் அதுவும் சோம்பும். கூட்டத்தில் சிக்கினால் ரேடியேட்டர் கொதித்து, இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல ஆவி பறக்கும்.

"அதக் கழட்டிப்புட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போட்டுருங்க சார். வண்டி நின்னாக்கூட இது சுத்தும்" என்றார் மெக்கானிக்.

"பேட்டரியப் பூராவும் குடிச்சிருச்சுன்னா?"

"ரெண்டுல ஒண்ணுதான் சார். தண்ணி கொதிக்கலாம், இல்ல பேட்டரி படுக்கலாம்."

கணகணா எலெக்ட்ரிக் ஃபேனை வாங்கினார், பூட்டவில்லை. அது அவர் வீட்டுக் கூடத்தில், கண்ணாடி அலமாரியில், பொம்மைகளுக்கு நடுவே அமர்ந்திருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் காப்பிக்கு முன்பாகவே கருத்துக் கேட்கப்பட்டது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "ஏண்ணே, எங்க வூட்டுக்காரரு என்னயக் கட்டிக்கக்கூட இவ்வளவு யோசிக்கல. ஒரு காத்தாடிக்கு வருசம் போவுதே!"

இந்நிலையில் என் அக்காவுக்குத் திருமணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அழைப்புக்குத் தம் கார்தான் என்று கணகணா அறிவித்துவிட்டார். அக்காவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப்போன வண்டி அது. அவளுக்கும் அதுவே விருப்பம். ஆனால் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குக் காரின் நோய்பற்றிய செய்தி எட்டியிருந்தது.

"ஊர்வலத்துல வண்டி நடுவழியில நின்னா அபசகுனங்க. எங்க புது வண்டி பின்னாடியே வரும். நின்ன எடத்துலயே மாப்பிள்ளைய மாத்தி ஏத்திருவோம்."

அன்று முதல் அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கல்யாணமே நடுத்தெருவில் நின்றதாகக் காலமெல்லாம் பேசுவார்களே!

மாப்பிள்ளை ஊர்வலத்தின் வேகம் நாகஸ்வரக்காரரின் கால்வேகம். முச்சந்திதோறும் அவர் நின்று வாசிப்பார்; காரும் நின்று கேட்க வேண்டும். பழைய காத்தாடிக்கு இதைவிடக் கொடிய சோதனை கிடையாது. ஊர்வலத்தன்று காலையில் கணகணா கண்ணை மூடிக்கொண்டு, "கழட்டுப்பா" என்றார். எலெக்ட்ரிக் ஃபேன் ஏறியது. அதை இயக்க, வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண வெள்ளைச் சுவிட்ச் ஒன்று டேஷ்போர்டின் கீழே திருகப்பட்டது.

ஆனால் மாலையில், அலங்காரம் செய்தவர் கார் முழுவதும் சீரியல் விளக்குகளைச் சுற்றி, அவற்றையும் அதே பேட்டரியில் கொடுத்துவிட்டார். அதை எவரும் கவனிக்கவில்லை.

எல்லோரும் பார்க்கவேண்டும் என்று மாப்பிள்ளையை, வண்டி ஓட்டும் கணகணாவுக்குப் பக்கத்தில், முன்சீட்டில் அமர்த்தியிருந்தார்கள். பெண்வீட்டார் சார்பில், பன்னீர்ச் செம்புடன் நான் பின்சீட்டில். இரண்டாவது முச்சந்தியில் விளக்குகள் மங்கிப் பூசணிப்பூ நிறத்துக்கு வந்தன. இன்ஜின் இருமியது. பின்னால் புது வண்டி ஆவலுடன் ஹாரன் அடித்தது.

"மாப்பிள்ள, கோவிச்சுக்காதீங்க. கூட்டத்துல எனக்குக் கை ஒழியல. நான் சொல்லச்சொல்ல அந்தச் சுவிட்சப் போட்டுப் போட்டு அணைக்கணும்."

"எதுக்குங்க?"

"ஃபேன் ஓடுனா பேட்டரி சாவுது. நிறுத்துனா தண்ணி கொதிக்குது. ரெண்டுக்கும் நடுவுல உங்க கல்யாணம் இருக்கு."

"சீரியல் விளக்க அணைச்சிடலாமே மாமா?" என்றேன்.

"மாப்பிள்ள ஊர்வலத்துல வெளக்க அணைக்கவா? நல்லாப் படிக்கிற பாப்பா நீ!"

"போடுங்க!" என்றதும் விளக்குகள் சோர்ந்தன. "அணைங்க!" என்றதும் பளீரிட்டன. கோட்டும் மாலையுமாக வியர்வை வழிய மாப்பிள்ளை குனிந்து நிமிர்ந்தார். மாடியிலிருந்து ஒரு பெண் கூவினாள்: "பாருடி, வெளக்கு மூச்சு வுடுது!" பிள்ளைகள் கைதட்டினார்கள். தவில்காரர் திரும்பிப் பார்த்தார். விளக்கின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப அடிக்கத் தொடங்கினார். தாய்மாமன் புது வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்து ஜன்னலில் தலையை நுழைத்தார்.

"இப்படி ஒரு டெக்கரேசன நான் பார்த்ததே இல்லையேங்க! எங்க சொல்லிவச்சீங்க?"

"நம்ம தயாரிப்புதாங்க" என்றார் கணகணா, முகத்தில் ஒரு சலனமும் இன்றி.

கடைசி முச்சந்தியில் மாப்பிள்ளை உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. "சூடு காட்டுற முள்ளு ஏறுதுங்க, போட்டுர்றேன்!" என்று அவரே முடிவெடுத்தார். மண்டப வாசலில் ஆரத்தித் தட்டுடன் பெண்கள் நின்றபோது, இறங்குவதற்கு முன் அவர் கணகணாவின் காதில் ஏதோ ஆலோசனை கூறிக்கொண்டிருந்தார். வழிநெடுக இன்ஜின் ஒருமுறைகூட அணையவில்லை.

பந்தி தொடங்கியும் கணகணாவைக் காணவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். இன்ஜினை அணைத்துவிட்டு, திறந்த பானெட்டின் அருகே ஃபேனை மட்டும் ஓடவிட்டு நின்றிருந்தார்.

"சாப்பிட வாங்க மாமா. வண்டி ஆறிப்போயிருக்குமே."

"அது எப்பவோ ஆறிருச்சு." கார்மீதிருந்து பார்வையை எடுக்காமல் கேட்டார்: "உங்க அக்கா மொகம் எப்படி இருக்கு பாப்பா?"

"மாப்பிள்ளை அந்தச் சுவிட்ச் கதையச் சொல்லச்சொல்ல, மேடையிலயே வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா, மாமா."

அதன் பிறகுதான் அவர் ஃபேனை நிறுத்தினார்.