இரைச்சல் தின்னும் மணி

பாட்டுக்காரி பல்லவியின் பாதியில் இருந்தபோது, வீரபாகுவின் காப்பிக்கடை ரேடியோ மறுபடியும் 'கர்ர்' என்றது. பெஞ்சில் இருந்தவர்கள் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அருவியில் நனைந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க்கடைக்கு நடந்தார்கள்.

எதிர்க்கடை முப்பிடாதியம்மாளுடையது. அங்கே ரேடியோ ஓடைத் தண்ணீர் மாதிரி பாடும். பெஞ்சில் எள் போட்டால் எள் விழாது. குற்றாலத்தில் சாரல் காலம் முடிவதற்குள் அந்தக் கூட்டம் தன் கடைக்கு வந்தாக வேண்டும் என்ற நினைப்பில் வீரபாகுவுக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்ம காப்பி மில்லு ஓடும்போதுதான் அண்ணாச்சி இந்தக் கூத்து" என்றான் பரிமாறுகிற மாடக்கண்ணு.

கரண்டில் காப்பிக்கொட்டை அரைக்கும் அந்த மில் வீரபாகுவின் பெருமை. அதை நிறுத்துவதாவது! ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார், இரைச்சலும் கூடியது. ஏரியல் கம்பியைப் பலாமரத்தின் உச்சிக்கு ஏற்றினார். ஒரு குரங்குக் குடும்பம் அதில் ஊஞ்சல் ஆடியது. கர்ருக்கு நடுவே கிர்ரும் சேர்ந்துகொண்டது.

அப்போதுதான் தென்காசியில் ரேடியோ பழுதுபார்க்கும் முகம்மது கனி, வீரபாகு கூப்பிடாமலே சைக்கிளில் வந்து இறங்கினார். துளை போட்ட இரண்டு கருமணிகளைக் கொடுத்து, மில்லில் கோத்துவிடச் சொல்லிவிட்டு அவசரமாகப் போனார்.

எதிர்க்கடைக்காரியின் கண்தான் பட்டிருக்கிறது என்று வீரபாகுவுக்கு வெகுநாளாகச் சந்தேகம். மணிகளைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, நடுவில் ஓர் எலுமிச்சம்பழமும் சேர்த்து மில்லின் வாய்க்கு மேலே கட்டினார். மில் அதிர்ந்ததில் பழம் உள்ளே விழுந்தது. அன்றைக்கு ஊற்றிய காப்பியெல்லாம் பால் திரிந்துபோனது.

மறுநாள் வந்த கனி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது கண்ணேறுக்கு இல்ல அண்ணாச்சி. மோட்டாருக்குள்ள பொறி பறக்குதுல்லா, அந்த இரைச்சல்தான் ஒயர் வழியா ரேடியோவுக்குப் போகுது. இது ஃபெரைட்டு மணி. ஒயர இதுக்குள்ள கோத்தா, மோட்டார ஓட்டுத கரண்ட்ட சும்மா விட்டுரும். படபடன்னு துடிக்குத இரைச்சல மட்டும் பிடிச்சு, லேசாச் சூடாக்கி அணைச்சுரும்."

மோட்டாரை ஒட்டி இரண்டு ஒயரிலும் மணியைக் கோத்தார். மில் ஓடியது. பாட்டுக்காரி சரணம் வரைக்கும் சுகமாகப் போய்ச் சேர்ந்தாள்.

மத்தியானத்துக்குள் எதிர்க்கடைக் கூட்டம் மொத்தமும் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. வீரபாகுவுக்குக் கடை கல்யாண வீடாகத் தெரிந்தது. புதிதாகக் குளித்துவிட்டு வந்தவர்கள் எட்டிப் பார்த்து, இடமில்லாமல் எதிரே போனதுகூட அவருக்கு உறைக்கவில்லை. சிரித்த முகத்தோடு மடியை அவிழ்த்து, கனியிடம் கூலி எவ்வளவு என்று கேட்டார்.

கனி சைக்கிளை உருட்டிக்கொண்டே சொன்னார்:

"கூலிய எதிர்க்கடை அம்மா முன்னமே குடுத்துட்டாவ அண்ணாச்சி. 'ஒத்தக் காப்பிய வாங்கி வச்சிக்கிட்டு விடிஞ்சதுலேருந்து பாட்டுக் கேக்குத இந்தக் கூட்டத்த, எப்படியாவது அங்கன தள்ளிவிடுங்க பாய்'ன்னாவ."