ரெண்டரை டி வேலைக்கு ஒரு சிபாரிசு

கோவில்பட்டி
செவ்வாய்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு ஜெயப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. தூத்துக்குடியில் நீங்களும் அத்தையும் சுகம்தானே? இங்கு காய்ச்சல், தலைவலி யாருக்கும் இல்லை; நலம் என்று அதைத்தான் எழுத முடிகிறது. போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். நம் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போடாமல் யாரும் பேசுவதில்லை. நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வராது.

சென்னையில் வீடியோ கேம் செய்யும் கம்பெனி ஒன்றில் படம் வரையும் வேலை கிடைத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். அப்பா அனுப்ப மாட்டேன் என்கிறார். உங்கள் சொல்லை மட்டும்தான் அவர் தட்டமாட்டார். நீங்கள் வந்து எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்லாம் வேலையின் பெயரால் வந்தது. கம்பெனி அனுப்பிய உத்தரவில் ‘2.5டி ஓவியர்’ என்று இருந்ததை வாசித்தேன். “அதென்னட்டி ரெண்டரை?” என்றாள் அம்மா. ஆட்கள் தட்டைப் படமாக இருப்பார்கள், அவர்கள் நடக்கும் தெருவுக்கு மட்டும் ஆழம் இருக்கும், இரண்டு பரிமாணத்துக்கும் மூன்று பரிமாணத்துக்கும் நடுவில் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்றேன். அம்மா, “அரைகுறையா இருக்கையில எதுக்குப் போவணும்? மூணு ஆக்கிட்டுக் கூப்பிடச் சொல்லு” என்று சொல்லிவிட்டு உளுந்து களையப் போய்விட்டாள். அப்பா அதோடு விடவில்லை. நேர்காணல் செய்தவர் இதையே ‘போலி முப்பரிமாணம்’ என்றதையும், குழுத் தலைவர் ‘முக்கால் பார்வை’ என்றதையும் மறைக்கத் தெரியாமல் நானே சொல்லித் தொலைத்தேன். “ஒரே வேலைக்கு மூணு பேரா? ஆதார்ல ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு வச்சிருக்கவன நீ நம்புவியா? அதுலயும் ஒருத்தன் போலின்னு அவன் வாயாலயே சொல்லுதான்” என்றார். சாய்வாக மேலிருந்து பார்ப்பது ஒன்று, தட்டைப் படத்தைப் பெரிதும் சிறிதுமாக்கி ஆழம் போலக் காட்டுவது இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி ரெண்டரை என்கிறார்கள் மாமா. இந்தத் துறையில் ஆளுக்கொரு பெயர்தான். அதை வீட்டில் சொல்ல எனக்குத்தான் தெரியவில்லை.

அன்று மழை மூட்டத்தில் தீக்குச்சி காயாததால், அப்பா வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு விட்டிருந்தார்கள். அதனால் அப்பாவின் முதலாளி கண்ணபிரான் அண்ணாச்சியும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். நான் அவசரத்தில் ஒரு தீப்பெட்டியை எடுத்து, பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் உண்டு, மேலே ஒட்டியிருக்கும் மயில் படம் தட்டை, பெட்டியைத் திருப்பினால் மயிலும் திரும்புகிறதல்லவா, இதுதான் என் வேலை என்றேன். முதல் முறையாக எல்லார் முகத்திலும் தெளிவு வந்தது.

“லேபிள் ஒட்டுத வேலையா?” என்றார் அப்பா.

“ஏ தாயி, அதுக்கா மெட்ராஸ் போற? நம்ம ஆபீஸ்ல ஒட்டு. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கலாம்லா” என்றார் அண்ணாச்சி.

மறுநாள் குழாயடியில் ரெங்கம்மாள் பெரியம்மை, “லேபிள் ஒட்டவாட்டி அம்புட்டுப் படிச்ச?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை அந்த ஆபீஸ் வாசலில் விடக்கூடாது என்றுதான் அப்பா படிக்கவைத்தார். சின்ன வயதிலிருந்து அங்கே பசை தொட்ட கை அவருடையது. இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். அது லேபிள் இல்லை, படம் வரைவது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. உங்கள் வாழ்த்து என்றும் எனக்கு வேண்டும்.

தங்கள் அக்காள் மகள்
ஜெயப்பிரியா

பி.கு.: மாமா, தயவுசெய்து வர வேண்டாம். திங்கட்கிழமையே லேபிள் பகுதிக்கு என்னை அனுப்பும்படி அண்ணாச்சி இன்று ஆள் விட்டார். முதலாளியிடம் மாட்டேன் என்று அப்பாவுக்குச் சொல்லத் தெரியாது. அதனால் என்னைக் கூப்பிட்டு, “மெட்ராஸுக்கே கிளம்பு. லேபிள்தான் ஒட்டணும்னா நம்மள யாருக்கும் தெரியாத ஊர்ல போய் ஒட்டு” என்றார். இனி விளக்கினால் மறுபடியும் ரெண்டரையில் வந்து நிற்போம். யார் கேட்டாலும் லேபிள் ஒட்டத்தான் போகிறாள் என்று சொல்லிவிடுங்கள். என் பையில் கெடாமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை ஒரு டப்பா இருக்கிறது. கடைப் பசை கையை அரிக்குமாம், அப்பா வைத்திருக்கிறார். நான் வெளியே எடுத்து வைக்கவில்லை.