நான்கு கைகளின் பெரும்பான்மை

மனித குலத்தை எண்களின் பிடியிலிருந்து விடுவித்தவர் எங்கள் கல்லூரி முதல்வர். சொல்லும்போதே எனக்கு மெய்சிலிர்க்கிறது. கல்விக் குழுவின் செயலாளர் என்ற முறையில், அந்த விடுதலை நிகழ்ந்த அறையில், ஓடாத மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து கண்ணால் கண்டவன் நான்.

எங்கள் கல்லூரியில் முதல்வர் பதவி மூன்று ஆண்டுகளுக்குத்தான். அவருடைய மூன்றாவது ஆண்டு, இந்த விடுதலை நிகழ்ந்த மாதத்தோடு முடிய இருந்தது. பணிமூப்பில் அடுத்து நின்றவர் கணிதத் துறைத் தலைவி, அதாவது என் மனைவி. இந்தச் சில்லறை விவரங்களுக்கும் தம்முடைய தத்துவத் தேடலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று, நான் கேட்காமலே, முதல்வர் என்னிடம் சொன்னார்.

சிறப்புக் கூட்டத்தில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மூணுன்னு ஒண்ணை யாராவது பாத்திருக்கீங்களா? மூணு நாற்காலி பாத்திருப்பீங்க. மூணு எங்க இருக்கு?”

விசுவாசமுள்ள வேதியியல் பேராசிரியர் மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். “காணோம் சார்.”

“அப்ப அது நாமளா கட்டிவிட்ட கதை. கதை சொல்றதுக்குத் தனியா ஒரு துறை எதுக்கு? கணிதத்தை நாடகத் துறையோட சேத்துடலாம். நாடகத்துல பணிமூப்பு கிடையாது, அது ஒண்ணுதான் குறை.”

என் மனைவி எழுந்தாள். “சார், ரெண்டும் ரெண்டும் நாம பொறக்கறதுக்கு முன்னாடியும் நாலுதான். நாம எல்லாரும் போன பிறகும் நாலுதான்.”

“போன பிறகு யாரும்மா எண்ணிப் பாக்கப் போறாங்க?”

வேதியியல் கைதட்டியது.

தீர்மானத்தை ஆதரித்து நான்கு கைகள் உயர்ந்தன. எதிர்த்து ஏழு. செயலாளருக்கு வாக்கு இல்லை, பேனா மட்டும்தான். ‘தீர்மானம் தோற்றது’ என்று எழுதப் போனேன்.

“அவசரப்படாதீங்க,” என்றார் முதல்வர். “நாலைவிட ஏழு பெருசுன்னு யார் சொன்னா?”

“கணிதம் சார்.”

“கணிதம் உண்மையா பொய்யாங்கிறதுதானே இப்ப விசாரணையே? அதையே கூண்டுல நிறுத்திட்டு, அதையே சாட்சிக்கும் கூப்பிடறது என்ன நியாயம்?”

இந்த வாதத்தின் ஆழத்தில் ஏழு பேரும் மூழ்கிப்போனார்கள். அவர்கள் மேலே வருவதற்குள் தேநீர் வந்துவிட்டது, தீர்மானமும் ‘ஏகமனதாக’ நிறைவேறிவிட்டது. வெற்றித் தேநீரை வாயில் வைத்த முதல்வர் முகம் சுளித்தார்.

“சர்க்கரை ரெண்டு கரண்டின்னு எத்தனை தடவை சொல்றது? மூணு போட்டிருக்காங்க!”

கோப்பை திரும்பிப் போனது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். “ஏங்க, அவருக்கு இந்த மாசத்தோட மூணு வருஷம் முடியுதில்ல?”

“மூணா? அதைத்தான் இன்னைக்கு ஒழிச்சுட்டாங்களே.”

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு வருத்தம்தான். ஆனால் வரலாற்றுக்குக் குறிப்பெழுதியவன் வருத்தப்படலாமா?

முதல்வரின் மூன்றாண்டுப் பதவிக்காலம் இப்போது ஏழாவது ஆண்டாகச் செழிப்பாக நடந்துவருகிறது. என் மனைவி முகத்தில் சாயம் பூசிக்கொண்டு தேற்றங்களை நடித்துக் காட்டுகிறாள். போன வாரம் ஆண்டு விழாவுக்கு ‘சிரிக்கிற மாதிரி ஏதாவது’ போடச் சொல்லி உத்தரவு வந்தது.

அவள் தனியாக மேடை ஏறினாள். ஒரு விரலை உயர்த்தினாள். “ஒரு வருஷம்.”

முன் வரிசையில் முதல்வர் ரசித்துச் சிரித்தார்.

“ரெண்டு வருஷம். மூணு வருஷம்.”

அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு அவருடைய நாற்காலியையே பார்த்தபடி நின்றாள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி தயங்கித் தயங்கி, “நாலு” என்றாள். பிறகு அரங்கமே எழுந்து நின்றது. “அஞ்சு! ஆறு! ஏழு!”

முதல்வர் துள்ளி எழுந்தார். “நிறுத்துங்க! யாரு உங்களை எண்ணச் சொன்னது?”

“கற்பனைதானே சார்,” என்றாள் என் மனைவி, மிகுந்த பணிவோடு.

முதல்வரின் தத்துவத்தின் மேல் எனக்கு இன்றும் பெருமதிப்பு உண்டு. ஒரே ஒரு சந்தேகம்தான். குளிரூட்டிய அரங்கில், இல்லவே இல்லாத ஓர் எண்ணைக் கேட்டு, அந்த மனுஷனுக்கு ஏன் சட்டை நனையும்படி வியர்த்தது?