பறக்கும் கட்டிலைத் தரையிறக்கிய கதை

என் நாவலை நானே திருத்துவது என்று முடிவு செய்தேன். உத்தமபாளையத்தில் இதற்கு முன் யாரும் இப்படியொரு முடிவு எடுத்ததில்லை. காரணம், உத்தமபாளையத்தில் நாவல் எழுதியவன் நான் ஒருவன்தான்.

நாவலின் பெயர் 'பறக்கும் கட்டில்'. மீசை முளைத்த வயதில் எழுதியது. ஒரு இளவரசன் கயிற்றுக் கட்டிலில் ஏறிப் பறப்பான். பேசும் கீரிப்பிள்ளை ஒன்று துணைக்கு வரும். சுருளி மலைக்குப் பின்னால் குடியிருக்கும் அண்டமுழுங்கி என்ற அரக்கியிடமிருந்து இளவரசியை மீட்டு வருவார்கள். அந்தக் காலத்தில் கம்பம் சந்தை வரைக்கும் விற்றது. பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுத உட்கார்ந்தேன். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை என்று எழுதி எழுதி, என் மூளையில் கற்பனை என்ற வில்லங்கம் முழுதாகத் தீர்ந்துவிட்டது.

யுத்தம் முடிந்த மறு வருஷம், அச்சாபீஸ் சேக் பரீத் பாய் என்னைத் தெருவில் மறித்தார்.

"மாப்ள, கொஞ்சம் பேப்பர் கெடச்சிருக்கு. உன் கட்டில இன்னொரு தடவ போடுவமா?"

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். கட்டிலா அது? வரிக்கு வரி மூட்டைப்பூச்சி! ஐந்தாம் அத்தியாயத்தில் செத்துப்போன கீரிப்பிள்ளை, எட்டாம் அத்தியாயத்தில் இளவரசனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது. பத்திரத்தில் இப்படி எழுதியிருந்தால் என்னைக் கோர்ட்டில் ஏற்றியிருப்பார்கள்.

"மாயக்கா!" என்று மனைவியைக் கூப்பிட்டேன். "இந்த நாவலைத் திருத்தப் போகிறேன். நடக்காத சங்கதி ஒன்றுகூட இனி இதில் இருக்காது."

அவள் பக்கத்து வீட்டு ரஹ்மத்தோடு உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான இருக்கு? எதுக்குங்க திருத்திக்கிட்டு?"

"செத்த கீரி பேசுது."

"அது செத்தப்ப எனக்குச் சோறே எறங்கல. திரும்பி வந்து பேசுனப்பறம்தான் உசுரு வந்துச்சு."

மாயக்காள் அனுமந்தன்பட்டிக்காரி. ராயப்பன்பட்டி கன்னிகாஸ்திரீகளிடம் படித்தவள். நான் பெண் பார்க்கப் போயிருந்தபோது, "கீரிப்பிள்ளைய எழுதுனவுகளா? அப்பச் சரி" என்று என் முகத்தைப் பார்க்காமலே சம்மதித்தவள். பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை.

"வாசகி அழுகிறாள் என்பதற்காக ஆசிரியன் பேனா நிற்காது" என்றேன்.

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். திருத்துறதுன்னு ஆகிப்போச்சு, ஒண்ணையும் விடாதீக. நீங்க வாசிங்க. நானும் ரஹ்மத்தும் சந்தேகம் கேக்குறோம்."

எனக்கு நெஞ்சு விம்மியது. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே இப்படி ஒரு மனைவி எந்த எழுத்தாளனுக்கு வாய்த்திருக்கிறாள்? அன்றிலிருந்து ஆபீஸ் விட்டால் நேரே வீடு. கையில் சிவப்பு மசிப் பேனா.

"கயித்துக் கட்டிலு பறக்குமாங்க?" என்று ஆரம்பித்தாள் மாயக்காள்.

"பறக்காது." அடித்தேன்.

"அப்ப மலைக்கு எதுல போறான்?"

"மாட்டு வண்டியில்."

"அண்ணே, கீரி பேசுமா?" இது ரஹ்மத்.

"பேசாது." அதையும் அடித்தேன்.

"அரக்கி?"

"அரக்கியாவது! அது ஒரு வயதான அம்மாள்."

"அவுக எதுக்கு இளவரசியப் புடிச்சு அடைச்சு வச்சிருக்காக?"

யோசித்தேன். "சொத்துத் தகராறு."

"ஆத்தா! எம்புட்டு நெசமா இருக்கு!" என்று மாயக்காள் கன்னத்தில் கை வைத்தாள். ரஹ்மத் முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி இருமினாள். புளித் தூசி என்று நினைத்தேன்.

ஒரு அத்தியாயம் முடிந்தது என்று மூச்சு விட்டால், மாயக்காள் அடுத்த சந்தேகத்தோடு தயாராக இருப்பாள். "குகைக்குக் கெழக்க என்ன, மேக்க என்னன்னு நாலெல்லை சொல்லலியே?" சொன்னேன். "இளவரசியக் கூட்டிட்டு வந்ததுக்குச் சாட்சி யாரு?" சேர்த்தேன். நடுநடுவே சுக்குக் காப்பி வேறு. ஊரில் எந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

ஒருவழியாக முடித்து, காகிதக் கட்டோடு அச்சாபீஸுக்குப் போனேன். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மீசை துடித்தது.

"மாப்ள, இத அச்சடிக்க வேணாம். ஸ்டாம்பு ஒட்டி ரிஜிஸ்தர் பண்ணிரு."

"பாய்!"

"கோவிச்சுக்கிராத. பேப்பரும் இல்ல. உன் புத்தகத்துக்கே சரியாப் போச்சு."

"எந்தப் புத்தகத்துக்கு?"

"அதான், மாயக்கா தங்கச்சி வந்து பழைய புத்தகத்தக் குடுத்துட்டுப் போச்சே! 'அவுக வேலையா இருக்காக, நீங்க அடிங்கண்ணே'ன்னுச்சு."

மூலையில் அடுக்கி வைத்திருந்தார். நான் வீட்டில் அடித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் இங்கே அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்! மேலட்டையில் 'பறக்கும் கட்டில் – திருத்திய பதிப்பு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"இதில் என்ன திருத்தம்?" என்றேன்.

"எட்டாவது அத்தியாயத்துல ஒரே ஒரு வரி. தங்கச்சி எழுதிக் குடுத்துச்சு."

பிரித்தேன். 'இவனைத் தனியே விட்டால் வழி தவறிவிடுவானே என்று செத்துக் கிடந்த கீரிப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை, எழுந்து வந்துவிட்டது.'

அவ்வளவுதான். நின்றபடியே திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருஷம் பேனா பிடித்த கைக்கு இந்த வரி வரவில்லை. கிளம்பிய ஆத்திரம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

இருந்தாலும் நான் ஆண்பிள்ளை. வீடு அதிர நுழைந்தேன்.

"மாயக்கா!"

"என்னங்க?"

"அந்த வரி… நல்லா இருக்கு."

வாயில் வந்தது அதுதான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வெட்கப்பட்டு நான் பார்த்தது நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான்.

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "அதெல்லாம் சரி. பழசையே அடிக்கக் குடுத்துட்ட. அப்பறம் என்னை எதுக்கு மாட்டு வண்டி, நாலெல்லை, சாட்சின்னு மாங்கு மாங்குன்னு எழுத வச்ச?"

மாயக்காள் முந்தானையால் என் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"அச்சு முடியுற வரைக்கும் நீங்க அந்தப் பக்கம் வந்துறக் கூடாதுல்ல?"