மூன்று வாரத் துரை

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பிறந்து, தோட்ட அதிகாரியைச் சொல்லும் துரை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளித்து வளர்ந்த நான், இலங்கை மலைநாட்டு மஸ்கெலியா டவுனில் மூன்று வாரம் துரையாக இருந்திருக்கிறேன். பங்களா கிடையாது, ஜீப் கிடையாது, கூட நடக்க ஒரு நாய்கூடக் கிடையாது. கடைத்தெருவில் ஒரு மாடி அறை, மூன்று தையல் மெஷின், தைக்க மூன்று பெண்கள். அதில் ஒருத்தி என் மனைவி சாந்தி. (அவளுக்குமா துரை என்று கேட்காதீர்கள். அவளுக்கும்தான்.)

அதற்கு முன் நான் காளான் வளர்த்துத் தோற்றவன். காளானுக்குக் குளிர் பிடிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, குளிருக்கா நமக்குப் பஞ்சம் என்று இறங்கினேன். வரவேண்டிய காளான் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பச்சைப் பசேலென்று ஒரு பூஞ்சணம் வந்தது. தப்பித் தவறி முளைத்ததையும் வாங்க ஆளில்லாமல் வீட்டிலேயே குழம்பு, பொரியல், சம்பல் என்று தின்று தீர்த்தோம். இன்றைக்கும் சந்தையில் காளானைக் கண்டால் சாந்தி கடன்காரனைக் கண்டதுபோல் அந்தப் பக்கம் போகமாட்டாள்.

அப்படி நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நாளில்தான் செல்வமணி அக்கா வீட்டுக்கு வந்தார். எங்கள் லயத்துக்காரர். இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்து முழங்கால் போனவர்.

"தம்பி, சாந்திக்கும் தைக்கத் தெரியும், எனக்கும் தெரியும். ஏதாச்சும் ஒண்ண ஆரம்பிங்க. சம்பளம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல. பெரட்டு இல்லாத வேலையா இருந்தாப் போதும்" என்றார்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தும் விடியாததுமாக ஓடிப்போய் வரிசையில் நின்று, பேர் கொடுத்து, இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து என்று கேட்டுக்கொண்டு வேலைக்குப் போவது. பிந்தினால் திருப்பி அனுப்பி விடுவார்கள். என் அம்மாவும் ஒருநாள் அப்படித் திரும்பி வந்தாள். எனக்குக் காய்ச்சல், கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு ஓடியவள் பிந்திவிட்டாள். திரும்பி வந்து, முதுகுக் கூடையை இறக்காமலே வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் பாயில் படுத்தபடி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே அக்கா சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. பெரட்டு இல்லாத வேலை! அந்த வாரமே மெஷின் வாடகைக்கு எடுத்தோம். லோகா என்ற பெண்ணும் வந்து சேர்ந்தாள். மேல் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவாள், கை அவ்வளவு சுத்தம். ஹோட்டல் அறைகளில் அழுக்குத் துணி போடும் பை தைத்தோம். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலை நடத்தும் அம்மணிக்கு மாதிரிப் பை பிடித்துப் போய்விட்டது. ஒரு மாதத்தில் நேரில் வந்து பார்ப்பேன், திருப்தியாக இருந்தால் எல்லா அறைக்கும் உங்கள் பைதான் என்றார். அது கிடைக்காவிட்டால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் காளானைப் பற்றி யோசிக்க வேண்டும் என்ற நிலை.

இந்தப் பயத்தில்தான் நான் ஹட்டனில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போனேன். தோல்வியிலிருந்து எழும் தொழில்முனைவோருக்கான தலைமைத்துவப் பயிற்சி. இரண்டு நாள், மதியம் சோறு. கோட்டுப் போட்ட ஒருவர், நோக்கம் இல்லாதவன் தலைவன் இல்லை என்றார். தினமும் காலையில் ஊழியர்களை ஒன்றுகூட்டுங்கள், நோக்கத்தைச் சொல்லச் சொல்லுங்கள், நேரம் தவறாதீர்கள், தோற்றத்தில் மிடுக்கு வேண்டும் என்றார். நான் அரைக் கொப்பி எழுதினேன். திரும்பும்போது பஸ் ஏறுமுன் ஹட்டன் டவுனில் ஒரு காக்கித் தொப்பியும் ஒரு விசிலும் வாங்கினேன். (விசிலைப் பற்றிப் பயிற்சியில் யாரும் மூச்சு விடவில்லை. அது முழுக்க முழுக்க என் சொந்த மூளை.)

மறுநாள் ஏழரைக்கு விசில் ஊதினேன். மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்து, கொப்பியில் பேர் எழுதினேன்.

"இன்னைக்கு ஒங்க நோக்கம் என்னன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றேன்.

செல்வமணி அக்கா யோசித்துவிட்டு, "ஒக்காரணும் தம்பி. முழங்கால் வலிக்குது" என்றார்.

அதை நான் எழுதிக்கொண்டேன். அதோடு விட்டேனா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெஷின்களுக்கு நடுவே நடந்தேன். "பின்னால வந்து நிக்காதீங்க, ஊசி கைல ஏறப் பாக்குது" என்று சாந்தி கத்தினாள். வேலை இடத்தில் என்னைக் கணவனாக நினைக்கக்கூடாது என்று அவளுக்கு விளக்கம் சொன்னேன். அன்று ராத்திரி சோற்றுக்குக் கறி வரவில்லை.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. அம்மணி வருவதற்கு முதல்நாள், லோகா பத்து நிமிடம் பிந்தி மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"மண்ணு சரிஞ்சு பஸ்ஸு நின்னுருச்சுண்ணே. பாதி வழி நடந்தே வந்தேன்."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குப் பெருமையாக இருந்தது. "நேரமாச்சு. இன்னைக்கு வேல இல்ல. வீட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வா" என்றேன்.

அவள் திரும்பிப் படியிறங்கிப் போனாள். உள்ளே இரண்டு மெஷினும் நின்றன. பிறகு ஓடின. அன்று முழுக்க யாரும் பேசவில்லை. இதுதான் ஒழுக்கம் என்று நான் கொப்பியில் எழுதி வைத்தேன்.

சாயங்காலம் செல்வமணி அக்காவிடம், "நாளைக்குப் பெரிய ஆள் வாராங்க. காலைக் கூட்டம் ஒழுங்கா நடக்கணும்" என்றேன்.

"ஒரு கொறையும் இல்லாமச் செஞ்சிருவோம் தம்பி" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் அம்மணி சொன்ன நேரத்துக்கு வந்தார். சிங்களவர், தமிழும் பேசுவார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தொப்பியைச் சரிசெய்து, விசிலை ஊதினேன். பின்னறைக் கதவு திறந்தது.

தலையில் துணி, இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கொழுந்துக் கூடை. செல்வமணி அக்கா, லோகா, அவர்களுக்குப் பின்னால் சாந்தி. (சாந்தி ஜென்மத்தில் கொழுந்து எடுத்தவள் இல்லை. இரவல் கூடை ஒரு பக்கமாய்ச் சரிந்து தொங்கியது.) மூவரும் வரிசையாக நின்றார்கள்.

"சலாங்க தொர!"

செல்வமணி அக்கா குனிந்த தலை நிமிராமல், "இன்னைக்கு எந்த மலைங்க தொர?" என்று கேட்டார்.

லோகா ஓர் அடி முன்னால் வந்தாள். "நான் நேரத்துக்கு வந்துட்டேனுங்க தொர. இன்னைக்கு வேல இருக்குங்களா?"

"மே மொகத்த?" என்றார் அம்மணி. இது என்ன என்று கேட்கிறார். நான் என்ன சொல்வேன்? வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். உங்களை வரவேற்க எங்கள் ஊழியர்கள் நடத்தும் கலை நிகழ்ச்சி என்றேன்.

அம்மணி எழுந்து நின்று கைதட்டினார். "ரொம்ப நல்லா இருக்கு! சனிக்கிழமை சனிக்கிழமை இவங்கள ஹோட்டலுக்குக் கூட்டிட்டு வாங்க. வெள்ளைக்காரங்க முன்னாடி இதச் செய்யட்டும். பேக் ஓடர் உங்களுக்குத்தான்."

சரி என்று சொல்ல என் வாய் திறந்தது. அதை மறைக்க மாட்டேன், திறந்தது. அப்போதுதான் லோகாவைப் பார்த்தேன். விளையாட்டு முடிந்தும் கூடையை இறக்காமல் தரையைப் பார்த்து நின்றாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முதுகு என் கண்முன் வந்தது.

"நோனா, இது கலை நிகழ்ச்சி இல்ல" என்றேன். "என்னத்தான் இவங்க நடிச்சுக் காட்டுறாங்க. நேத்து இந்தப் புள்ளயப் பத்து நிமிஷத்துக்காகத் திருப்பி அனுப்பிட்டேன். ஹோட்டலுக்கெல்லாம் இதச் செய்ய வரமாட்டாங்க."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கம்பீரமாகக் கழற்றப் போனேன். வார் காதில் மாட்டிக்கொண்டது. சாந்திதான் வந்து எடுத்துவிட்டாள்.

அம்மணி பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளேன்டீ குடித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கார் போன பிறகு, "மன்னிச்சுக்க லோகா" என்றேன்.

"சரிண்ணே" என்றாள். "கூடைய எறக்கட்டுமா?"

செல்வமணி அக்காதான் விடவில்லை. "நான் ஒங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான தம்பி?"

பெரட்டு இல்லாத வேலை. என் வீட்டுக்கே வந்து, ஒரே வரியில் அவர் சொன்ன நோக்கம். அதை விட்டுவிட்டு நான் ஹட்டனுக்கு பஸ் ஏறிப்போய் நோக்கம் தேடியிருக்கிறேன். எழுதிய அரைக் கொப்பியில் அது மட்டும் இல்லை. எனக்கு வந்த வெட்கத்துக்கு அளவே இல்லை.

மிஞ்சிய துணியில் மறுவாரம் ஒரு பள்ளிக்கூடப் பையைத் தைத்து எடுத்துக்கொண்டு, அக்கா நேரே கீழே கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போனார். என்னைக் கேட்கவில்லை. நானும் விசில் ஊதவில்லை. நானா பையை இழுத்துப் பார்த்து, கிழியாததால் ஒரு டஜன் கேட்டார். அப்படியே மெல்ல மெல்ல எழுந்தோம். இப்போது ஒன்பது மெஷின். லோகாவின் பஸ் வந்த பிறகுதான் வேலை தொடங்கும். தொப்பியும் விசிலும் செல்வமணி அக்காவின் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகின்றன. வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால், என் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "எந்த மலைங்க தொர?" என்பாள்.

போன மழைக்காலத்தில் வழியில் பஸ் நின்று, நனைந்துகொண்டு ஒரு மணி நேரம் பிந்தி வந்தேன். மாடிக் கதவை மறித்துக்கொண்டு லோகா நின்றாள். தலையில் தொப்பி, கழுத்தில் விசில்.

"நேரமாச்சுங்க தொர. வீட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வாங்க."

உள்ளே ஒரே சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே தோள்பையோடு படியில் உட்கார்ந்துவிட்டேன். லோகா விசிலைக் கழற்றிவிட்டு, "பைய எறக்கிட்டு உள்ள வாங்கண்ணே, நனஞ்சிருக்கீங்க" என்றாள்.

அன்றைக்கு என் அம்மாவிடம் யாரும் சொல்லாத வார்த்தை. மழைத்தண்ணீரைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்தேன். சாந்தியிடம் அது செல்லுமா?

"அடியே, தொர அழுறாருடி!" என்று கத்தினாள்.

இப்போது வீட்டில் மகளின் கேலியோடு அதுவும் சேர்ந்துவிட்டது.